பிரமாணத்தில் வாயை மூடுகிறவள்

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் விசுவாசப் பிரமாணத்தைப் பாதிதான் சொல்வாள்.

கோயில் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் எல்லோரும் எழுந்து நின்று, கடவுளைப் பற்றி என்னென்ன நம்புகிறோம் என்று ஒரே குரலில் ஒப்பிப்பதற்குத்தான் விசுவாசப் பிரமாணம் என்று பெயர். பிறந்ததிலிருந்து கேட்ட எங்களுக்கு அது தானாக வாயில் வரும். ஆரம்பித்தால் கூட்ஸ் வண்டி மாதிரி ஒரே சத்தமாக ஓடி ஆமென்னில்தான் நிற்கும். அவள் மட்டும் நடுநடுவே வாயை இறுக்க மூடிக்கொள்வாள். பிறகு ஓர் இடத்தில் திறப்பாள். மறுபடி மூடுவாள். ஆண்கள் பக்கத்துப் பாயில் நின்ற எனக்கு, முக்காட்டுக்குள் அந்த வாய் திறப்பதும் மூடுவதும் நன்றாகத் தெரியும். முதலில் பல்வலி என்று நினைத்தேன்.

அவள் பெயரை எழுதவில்லை. பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு லைன் வீட்டில் அவர்கள் குடும்பம் ஓர் அறையில் இருந்தது. சுவருக்கு அடுத்த அறையில் நானும் இன்னும் சிலரும் வாடகைக்கு இருந்தோம். அவள் புருஷன் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் பார்த்தார். மரத்தாலான பெரிய உருளை அது. தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். அவள் அதே டேனரியில் காய்ந்த தோல்களின் ஓரம் வெட்டினாள். நான் உப்புத் தோல் கட்டுகளை லாரியிலிருந்து இறக்கினேன்.

மிஷன் ஹாஸ்டலில் எட்டாம் வகுப்புப் பாதியில் சுவரேறிக் குதித்த பிறகு எனக்கு எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. ஜோலார்பேட்டையில் ரயிலுக்கு டீ விற்றேன், பேரணாம்பட்டில் பீடி மூட்டை ஏற்றினேன், நடுவில் மஞ்சள் காமாலையில் படுத்தேன், எழுந்து ஆம்பூருக்கு வந்தேன். கோயிலுக்குப் போனதற்குப் பெரிய காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லோடு வராது. சோறு போடுகிற இடத்தில் எல்லாம் ஆமென் சொல்வேன்; சாயபு வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக்கு முன்னால் துவா ஓதினால் ஆமீனும் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு, ஒருத்தி சொல்ல மாட்டேன் என்று வாயை மூடுவது விளங்கவே இல்லை.

"கோயில்ல இன்னாம்மா, அப்பப்ப ஊமையாயிடற?" என்று ஒருநாள் குழாயடியில் கேட்டேன்.

"நம்பறத சொல்றேன். நம்பாதத சொல்றதில்ல. அவ்ளோதான் ண்ணா."

"மத்தவங்க எல்லாம் எல்லாத்தையும் நம்பியா சொல்றாங்க?"

"அது அவங்க பாடு" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவள் பிறப்பால் கிறிஸ்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அப்போதிருந்த போதகர், "விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார். இவள் திருதிருவென்று விழித்திருக்கிறாள். பின்னால் நின்ற மாமியார் இடுப்பில் ஒரு குத்து விட்டு, "ஆமான்னு சொல்லுடி" என்று காதில் சொல்ல, இவளும் ஆமாம் என்றுவிட்டாள்.

"கல்யாணமும் ஆயிடுச்சி. ஒருநாள் அரிசி களைஞ்சிக்கினு இருக்கும்போது திடீர்னு பயம் வந்துச்சி ண்ணா. இன்னாத்துக்கு ஆமான்னு சொன்னேன்? தெரியாத ஆள்கிட்ட தெரியாத விஷயத்துக்கு வாக்கு குடுத்துட்டேனே. அத கேட்ட ஆண்டவர் நெஜமாவே இருந்தாருன்னா என்ன பத்தி இன்னா நெனப்பாரு?"

அதற்குப் பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். பிரமாணத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்ப்பது, மனசு ஒத்துக்கொண்டால் வாய்விட்டுச் சொல்வது, இல்லையென்றால் சும்மா நிற்பது. தோலின் ஓரம் வெட்டும்போதும் அப்படித்தான் செய்வாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைப்பாள். மேஸ்திரி, "தோலுக்கு பொண்ணு பாக்கறியா?" என்று கத்துவார்.

முதலில் அவளுக்கு வசப்பட்டது, இயேசு பாடுபட்டு, சிலுவையில் அறையப்பட்டு, செத்து, புதைக்கப்பட்டார் என்கிற இடம். அதை நம்புவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

"ஏழைய புடிச்சி அடிச்சி கொல்றது நடக்காத விஷயமா? கேட்ட ஒடனே நம்பிட்டேன்."

ஆக, கொஞ்ச காலம் அவள் பிரமாணம் முழுவதும் சும்மா நின்று, அந்த இடம் வந்ததும் மட்டும் கணீரென்று சொல்லியிருக்கிறாள். புதைத்து முடிந்ததும் வாயை மூடிக்கொள்வாள். சபையில் பையன்கள் அதற்காகவே காத்திருந்து முழங்கையால் இடித்துக்கொள்வார்களாம்.

வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்பது மூத்த பெண் பிறந்த பிறகு வந்தது. "பாப்பா காத பாத்துக்கினே இருந்தேன் ண்ணா. இவ்ளோ மெல்லிசா ஒரு தோலு எந்த டிரம்முலயும் வராது. அத யாரோ உக்காந்து மடிச்சி வெச்சிருக்காங்க. தானா மடியாது." அடுத்த ஞாயிறே அதைச் சேர்த்துக்கொண்டாள்.

வந்தது போகவும் செய்யும். பாவமன்னிப்பு உண்டு என்கிற இடத்தை அவள் சேர்த்து நாளாகியிருந்தது. ஒரு வாரம் தண்ணீர்ச் சண்டையில் மாமியார் அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட, அந்த ஞாயிறு அந்த இடத்தில் வாய் மூடியிருந்தது. இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கு தின்பதைப் பார்த்த பிறகு மறுபடி திறந்தது. கோயிலில் அவள் எங்கே மூடுகிறாள் என்று கவனித்தால் லைனில் என்ன கலாட்டா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்த ஜெபக்கூட்டத்தில், "விசுவாசிக்கிறவர்கள் எல்லாரும் கையை உயர்த்துங்கள்" என்றார். நான் முதல் ஆளாகத் தூக்கினேன். அவள் முழங்கையை மடக்கி, கன்னம் வரைக்கும் தூக்கினாள். பிரசங்கியார், "சகோதரி, நல்லா உயர்த்துங்க" என்றார். "இவ்ளோதான் இருக்குதுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.

இதனால் அவளுக்கு ஒரு மரியாதையும் இருந்தது. எதிர் அறையில் பீடி சுற்றுகிற ஒரு பாய் வீட்டம்மா, மகனுக்கு வேலை கிடைக்க இவளிடம்தான் வந்து ஜெபம் பண்ணச் சொன்னாள். "கேக்கறேன் க்கா. குடுப்பாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள் இவள். "அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றாள் அந்தம்மா. எனக்கு இதுவும் விளங்கவில்லை.

கடைசியாக இரண்டு இடங்கள் பாக்கி நின்றன. ஒன்று, கடவுள் சர்வ வல்லமையுள்ளவர் என்பது. "எல்லாம் முடியும்னா டேனரி தண்ணி கலக்கற பாலாத்த ஏன் இப்டி உட்டு வெச்சிருக்காரு? கெணத்து தண்ணி வாய்ல வெக்க முடியல" என்பாள். இன்னொன்று, செத்த உடம்பு உயிரோடு எழுந்திருக்கும் என்பது. டேனரியில் வேலை செய்கிறவளுக்கு அது கஷ்டம்தான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து முடி கையோடு வருவதைத் தினமும் பார்க்கிறாள். "மாடு எழுந்திருக்குமா ண்ணா? அப்பறம் நாம மட்டும்?" என்று கேட்டாள். நான் வேதபாடத்தில் பென்சில் பரிசு வாங்கியவன். அடுத்த கட்டை இறக்கப் போய்விட்டேன்.

இந்த இரண்டு இடங்களால்தான் அவள் திடப்படுத்தல் எடுக்கவில்லை. திடப்படுத்தலின்போது போதகர் பிரமாணம் முழுவதையும் கேள்வியாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் விசுவாசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது ஆகாதவர்களுக்கு ராப்போஜனம் கிடையாது. மற்றவர்கள் பீடத்தண்டை முழங்கால்போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது அவள் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருப்பாள். புருஷனுக்கு அதில் மனவருத்தம். சாந்தமான மனிதர். அதட்டமாட்டார். "என்னிக்காவது ஒருநாள் பக்கத்துல வந்து முழங்கால் போட மாட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். விலாவில் குழாய் போட்டு மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் இறக்கினார்கள். ஜுரம் இறங்கவில்லை. மனிதர் வற்றிப்போய்விட்டார். தான் பிழைக்க மாட்டோம் என்று முடிவுகட்டிவிட்டார். சாப்பாட்டுத் தூக்கோடு நான் பார்க்கப் போயிருந்த அன்று, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ உன்னோட சேர்ந்து ராப்போஜனம் எடுக்கணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

எங்கள் போதகர் பார்வையாளர் நேரத்தில், அப்பமும் ரசமும் வைத்த சின்னப் பெட்டியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், சைக்கிளிலேயே சபைகளைச் சுற்றிச் சுற்றிக் கன்னம் ஒட்டிப்போனவர். விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும். "உனக்கு சம்மதமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்வ வல்லமை வந்தது. அவள் பாட்டிலைப் பார்த்தாள். விசுவாசிக்கிறேன் என்றாள். சரீரம் உயிர்த்தெழும் என்பது வந்தது. அவள் புருஷனுடைய விலாவைப் பார்த்தாள். தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. விசுவாசிக்கிறேன் என்றாள், முன்னதைவிடக் கொஞ்சம் சத்தமாக. பிறகு இரண்டு பேரும் அப்பமும் ரசமும் வாங்கினார்கள். அவர் அழுதார். அவள் அழவில்லை.

மறுநாள் ஜுரம் இறங்கியது. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஊருக்கே சந்தோஷம். லைனில் பந்தல் போட்டு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, போதகர் அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். அவள் எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இவரு பொழச்சதுக்கு ஸ்தோத்திரம். அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா ஆஸ்பத்திரில நான் சொன்னதுல ரெண்டு எடத்த வாபஸ் வாங்கிக்கறேன் ஐயா."

யாருக்கும் புரியவில்லை. போதகர், "என்னம்மா?" என்றார்.

"சர்வ வல்லமைன்னதும், ஒடம்பு எழுந்திருக்கும்ன்னதும். அது ரெண்டும் என்கிட்ட இல்ல. இவருக்காக சொன்னேன். இல்லாதத இருக்குதுன்னு வெச்சிக்கினு இருக்க முடியல."

மாமியார்தான் முதலில் வாய் திறந்தாள். "ஏண்டி, ஆண்டவர் குடுத்த புருஷன வெச்சிக்கற, அவருக்கு குடுத்த வார்த்தைய மட்டும் திருப்பி வாங்கறியா?"

யாரோ சிரித்தார்கள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். போதகர், "நீ இப்ப எல்லாருக்கும் டீ குடும்மா. நாம அப்பறம் பேசலாம்" என்றார். வாபஸ் வாங்குவதற்கு எங்கள் சபையில் முறை எதுவும் இல்லை.

பிறகு அவர் வந்து பேசியபோது நான் வாசலில் இருந்தேன். "அத நீ மட்டும் தனியா சொல்லலம்மா. சபையே சேர்ந்து சொல்லுது. உன்னால முடியாதப்ப எங்க குரல்ல நின்னுக்கோ. ராப்போஜனத்துக்கு வா, நான் தடுக்க மாட்டேன்" என்றார். நல்ல பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. அவளும் மரியாதையாகத்தான் கேட்டாள். "உங்க குரல்ல நிக்கறேன் ஐயா. ஆனா என் வாய்ல இருந்து வந்தா அது என் பேச்சாச்சே" என்றாள். ராப்போஜனத்துக்கு எழுந்து போகவில்லை.

அவளைப் பேஜார் பண்ணியது வேறு. தோல் காயப்போடுகிற மைதானத்தில் ஒருநாள் என்னிடம் சொன்னாள். "பொய் சொன்னேன். மறுநாளே ஜுரம் எறங்கிச்சி. அப்டின்னா பொய்யிக்கு கூலி குடுக்கறவரா அவரு?"

"ஊசி போட்டாங்க, தண்ணி எடுத்தாங்க, எறங்கிச்சி. இதுல இன்னா இருக்குது?"

"அதான் நானும் நெனச்சேன். ஆனா சொல்லும்போது…" என்று நிறுத்தினாள்.

"சொல்லும்போது இன்னா?"

"அப்டியே இருக்கணும்னு இருந்துச்சி ண்ணா. இவரு ஒடம்பு மறுபடி எழுந்திருக்கணும்னு அவ்ளோ ஜாஸ்தியா வேணும்னு இருந்துச்சி. வேணும்னு இருக்கறதும் நம்பறதும் ஒண்ணா, வேறயா?"

நான் தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் புருஷன் கோயிலில் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்க ஆரம்பித்தார். பிரமாணம் மட்டும் இல்லை. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சொல்கிற ஜெபமும் இல்லை. டீக்கடையில் என்னைக் கேட்டார். "ஏம்பா, நீ எட்டாவது வரைக்கும் படிச்சவன். இதெல்லாம் நெஜமா நம்பறியா?"

"நான் அவ்ளோ யோசிச்சதில்ல."

"நானும் யோசிக்கலபா. பொறந்ததுல இருந்து சொல்லிக்கினு இருந்தேன். அவ ரெண்ட வாபஸ் வாங்கனா. சரி, நமக்கு எவ்ளோ தேறுதுன்னு உக்காந்து பாத்தேன்."

"எவ்ளோ தேறிச்சி?"

டீயைக் கடைசி வரைக்கும் குடித்தார். டம்ளரைப் பலகையில் வைத்தார். "ஒண்ணுங்கூட தேறல."

பிறகு கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் பாலாற்று மணலில் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பார். மாமியார் லைன் முழுக்கக் கேட்கும்படி, "எம் புள்ள விசுவாசத்த உரிச்சி போட்டுட்டா பாவி" என்று அழுதாள். மற்றவர்களும் அப்படித்தான் பேசினார்கள். முன்பெல்லாம் அவளை ஒரு மாதிரி என்று சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதை விட்டுவிட்டார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது.

அவள் பயந்துபோயிருந்தாள். அந்த மாதிரி அவளை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு பயம் இல்லை.

"அன்னிக்கே போயிருந்தா நிம்மதியா போயிருப்பாரு ண்ணா. அழுதுக்கினே சந்தோஷமா இருந்தாரு, நீயும் பாத்தியே. இப்ப உயிரோட இருக்காரு, உள்ள ஒண்ணும் இல்ல. என் வாய சுத்தமா வெச்சிக்கணும்னு அவர காலி பண்ணிட்டேனா?"

"நீ உண்மையதானே சொன்ன."

"உண்மைதான். அவருக்கு அந்த உண்மை வேணும்னு யாரு கேட்டா?"

அந்த மாதங்களில் அவள் பிரமாணத்தில் எதையும் புதிதாகச் சேர்க்கவும் இல்லை, விடவும் இல்லை. சொல்கிறதை மட்டும் முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். சபை முந்திக்கொண்டு போய்விடும். அவள் பின்னால் தனியாக வந்துகொண்டிருப்பாள். அது விசுவாசம் அதிகமாவதன் அடையாளமா, குறைவதன் அடையாளமா என்று போதகரிடமே கேட்டேன். "எனக்கு தெரியலப்பா" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குக் காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் வேலை கிடைத்தது. கிளம்புகிற ஞாயிறு மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாமியார் வாணியம்பாடிக்குப் போயிருந்தாள். புருஷன் ஆற்றிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். மூத்த பெண்ணும் சின்னவனும் பக்கத்தில். சோறும் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். பரிமாறி முடிந்ததும் பழக்கத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டோம். ஜெபம் பண்ண மாமியார் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மூத்த பெண், "அப்பா, ஜெபம்" என்றாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவளே பண்ணியிருக்கலாம், பெண்ணைப் பண்ணச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சோற்றிலிருந்து ஆவி போவது நின்றது. எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாப்பிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆண்டவரே" என்றார் அவர். கனைத்துக்கொண்டார். "நீ கேக்கறியா இல்லியான்னு எனக்கு தெரியல. சோறு இருக்குது. புள்ளைங்க இருக்குது. நான் இருக்கேன். ஏன் இருக்கேன்னு தெரியல."

அத்தோடு நின்றுவிட்டார். அப்பா இப்படி ஜெபம் பண்ணி அவன் கேட்டதே இல்லை போலிருக்கிறது, சின்னவன் பக்கென்று சிரித்துவிட்டான்.

அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்தாள்.

"சும்மா இரு. அப்பா பேசிக்கினு இருக்காரு."